தன் கையைக் கட்டிக்கொள்பவருக்கே வாக்கு

2023 மார்ச் 19 நள்ளிரவுடன் மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த பிரதேச சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இல்லாமல் போனார்கள். நாட்டின் ஏனைய உள்ளூராட்சி சபைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதே கதிதான். மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்கவேண்டிய தேர்தலுக்குப் பணமில்லை என்றது திறைசேரி. ஏப்ரல் 25 என்று திகதி மாறியது. அதன் பிறகு திகதி என்ற பேச்சே எழவில்லை. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப்பெட்டி ஊருக்கு வந்தது. தெருவிளக்கு எரியவில்லை, வடிகான் அடைத்துக்கொண்டது என்று போய்க் கேட்க, தான் வாக்குப் போட்டு அனுப்பிய ஓர் ஆள் இல்லாத நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கசப்பானது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதில் இருந்த சட்டத் தடை 2018 திருத்தத்தில்தான் நீங்கியது. கதவு திறந்து ஐந்து ஆண்டு ஆவதற்குள் உள்ளே ஆளில்லை.

தேர்தலை நடத்தத் தவறியது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது நிதியமைச்சும் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் கையில்தான் இருந்தது. மீறலுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவராக நீதிமன்றம் அவரையும் கண்டது. ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் மேடைகளை நிறைத்தவை எரிவாயு வரிசை, நாணய நிதியம், தோட்டச் சம்பளம், திருடர்களைப் பிடிப்பது ஆகியவையே. பதவியிலிருக்கும் வேட்பாளர் ஒருவர் கோடிக்கணக்கானோரின் வாக்குரிமையை மீறினார் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னது, வேட்பாளர்களை எடைபோடும் பேச்சில் ஓர் ஓரத்தில் கிடந்தது. எனக்கு இது விளங்கவே இல்லை. ஜனாதிபதி ஒருவரைத் தெரிவுசெய்ய இதைவிடப் பொருத்தமான சான்று வேறு என்ன வேண்டும்?

வாக்காளரின் கைக்கு வருவது விஞ்ஞாபனம். தேர்தல் முடிந்த மறுநாள் முதல் ஊரைத் தொடுவது ஜனாதிபதியின் கையொப்பம். விஞ்ஞாபனத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம் வேண்டும், நிதி வேண்டும், இப்போதெல்லாம் நாணய நிதியத்தின் தலையசைப்பும் வேண்டும். யாரையும் கேட்காமல் அவர் தனியாகச் செய்யக்கூடியவை வேறு. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்றிரவே அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தலாம். நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பிறகு பெற்றுக்கொண்டால் போதும். பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் ஒருவரை வழக்கின்றித் தடுத்துவைக்க ஒப்பமிடலாம். ஒரு தடவைக்கு மூன்று மாதமாக, மொத்தம் பதினெட்டு மாதம் வரை என்றிருந்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது, அவ்வளவுதான். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையைக் கொண்டு, நீதிமன்றம் தண்டித்தவரை வெளியே விடலாம். மூன்றுமே தனிமனிதனின் உடலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை: யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே விடுவது, யார் வாயைத் திறக்கலாம். ஆகவே ஜனாதிபதி வேட்பாளரை அளக்கும் முதல் அளவுகோல் தனிமனித உரிமையாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். அதிலும், அவர் நமக்கு எந்த உரிமையைத் தருவதாகச் சொல்கிறார் என்பதை நான் கேட்கமாட்டேன். தன்னிடம் வரப்போகும் எந்த அதிகாரத்தை, எத்தனை நாளைக்குள், சட்டமாகவே விட்டுக்கொடுப்பார் என்றுதான் கேட்பேன்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் நம் அரசியலமைப்பின் வரலாறுதான். அடிப்படை உரிமை மீறப்பட்டால் குடிமகன் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வழியை 1978 அரசியலமைப்பு திறந்துவிட்டது. அது சிறிய காரியமல்ல. அதே அரசியலமைப்புதான் நிறைவேற்று ஜனாதிபதியையும் தந்தது. அடுத்த ஆண்டே அதே ஜே.ஆர். ஜயவர்தன அரசு, ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற அடைமொழியோடு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1982இல் அது நிரந்தரமானது. பெயரில் மட்டும் ‘தற்காலிகம்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமை அத்தியாயத்திலேயே இன்னொரு விநோதம் உண்டு. மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த இலட்சக்கணக்கானோரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 14ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி விடை சொன்னது: வேறெந்த நாட்டின் பிரஜையும் அல்லாத, சட்டப்படி இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்குப் பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், நடமாட்டம் முதலிய உரிமைகள் பத்து ஆண்டுகளுக்கு உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மட்டும். வாயைத் திறக்கும் உரிமைக்குக் காலாவதித் திகதி குறித்த வேறு அரசியலமைப்பு எதையும் நான் அறியேன். உரிமையை ஏட்டில் எழுதுபவரின் கைதான் அதன் எல்லைக்கோட்டையும் வரைகிறது.

அந்த எல்லைக்கோடு ஒரு மனிதனின் மேல் எப்படி விழுகிறது என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு போதும். 1993இல் கைதானவர். தமிழ் மட்டுமே பேசுபவர். குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் வைத்தது பெருவிரல் அடையாளம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்கிறது பயங்கரவாதத் தடைச் சட்டம். அது அடித்து வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடிவாங்கியவருக்கே. ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டது. அந்தக் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இலங்கை இணைந்தது 1997இல், சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்தபோது. 2006இல் உயர் நீதிமன்றமோ, அப்படி இணைய ஜனாதிபதிக்கு அதிகாரமே இல்லை என்று கூறிவிட்டது. ஒருவரை உள்ளே வைக்க ஓர் ஒப்பம் போதும். அவருக்கு ஒரு வழி திறந்துவிட அதே பதவியின் ஒப்பம் போதாது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் கைதானார். அவர் எழுதிய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துப் பார்த்தபோது அதில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளே இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2021 டிசெம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் விடுதலையானார். தமிழ்ப் புத்தகம் ஒன்றைச் சரியாக வாசிக்க இந்த அரசுக்கு மூன்றரை ஆண்டு எடுத்தது.

இதைத் தமிழர், முஸ்லிம்களின் பிரச்சினை என்று எண்ணுபவர்களுக்கு மாத்தளை மாவட்டத்தில் நின்றுகொண்டே பதில் சொல்லலாம். 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்கு மண் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். தோண்டத் தோண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. 1988, 89 காலத்தில் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் பெற்றோர் அங்கே வந்து நின்றார்கள். எலும்புகள் அந்தக் காலத்துக்கு உரியவை அல்ல, இன்னும் பழையவை என்று ஜனாதிபதி ஆணைக்குழு முடிவுகட்டியது, உறவினர்கள் ஏற்கவில்லை. எலும்புகளின் வயது பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் இளைஞர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பிவராததில் யாருக்கும் ஐயமில்லை. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 1988 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போனால் உயிர் போகும் என்று மக்களை மிரட்டியது ஜே.வி.பி. நாடு முழுவதிலும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம்தான். அரசும் அதை எதிர்த்தவர்களும் சேர்ந்தே தனிமனிதனின் உயிரை மலிவாக்கினார்கள்.

1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் கண்டதில்லை. அதை அழுத்தியே சொல்கிறேன். ஆனால் முப்பது ஆண்டு கழித்து அவர் வேட்பாளராக இதே மாவட்டத்துக்கு வந்தபோது, அந்தக் காலத்தைப் பற்றிய கேள்வி ஒன்றுக்காவது பதில் சொல்லும் கட்டாயத்தை வாக்காளர்கள் அவருக்கு உண்டாக்கவில்லை. 2019 நவம்பரில் மாத்தளை மாவட்டம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை அவருக்கு அளித்தது. அடுத்த மார்ச்சில், மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்திருந்தது. பின்னர் கொவிட் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், முஸ்லிம் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான சிசுவும் அதில் ஒன்று. 2021 பெப்ரவரியில்தான் உத்தரவு மாறியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. எரித்ததைப் புதைக்க முடியாது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது வயிற்றின் வாதம். நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவருக்கும், மிளகு விலை விழுந்தால் கடன்படும் சிறு தோட்டக்காரருக்கும் உரிமை அத்தியாயத்தைக் காட்டி வாக்குக் கேட்கலாமா என்பார்கள். இது இலேசான வாதமல்ல. ஆனால் 2021இல் வயிற்றில் அடித்தது எது? இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்த முடிவு. விவசாயியைக் கேட்கவில்லை, விவசாயப் பேராசிரியர்களின் எச்சரிக்கை ஏறவில்லை, தட்டிக்கேட்கும் பலம் 20ஆவது திருத்தத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்கும் இல்லை. பொருளாதாரத்தை வீழ்த்தியதில் ராஜபக்ஷ சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறந்ததும் ஓர் அடிப்படை உரிமை மனுவிலிருந்துதான். சம்பளமும் அப்படியே. 2024இல் 1,700 ரூபா என்று மே தின மேடையில் அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. மிச்சத்தைக் கேட்கவேண்டுமானால் தொழிலாளி கூடவேண்டும், ஊர்வலம் போகவேண்டும், தொழிற்சங்கமாகச் சேரவேண்டும். அவை எல்லாம் 14ஆம் உறுப்புரையில் இருக்கும் உரிமைகள். அவசரகால விதி ஒன்று அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்திவைக்கலாம்.

ஏழைகள் உரிமைக்காக வாக்களிக்கமாட்டார்கள் என்பதும் உண்மையல்ல. 1977 மார்ச்சில் வட இந்தியா காட்டியது அதைத்தான். 1975 ஜூனில் இந்திரா காந்தி அவசரநிலையைக் கொண்டுவந்தார். பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கிராமத்து ஏழையை நேராகத் தொட்டது கட்டாயக் கருத்தடை. பொதுத்தேர்தல் வந்தபோது உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகளிலும் பீகாரில் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரயில்கள் நேரத்துக்கு ஓடின என்ற பிரசாரம் எடுபடவில்லை. அதே தேர்தலில் கருத்தடைக் கொடுமை அவ்வளவாக எட்டாத தென்னிந்தியா காங்கிரசுக்கே வாக்களித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. உரிமை பறிபோவதைத் தன் உடம்பில் உணர்ந்தவர் அதற்காக வாக்களிக்கிறார். பக்கத்து வீட்டில் நடந்ததற்காக வாக்களிப்பது அபூர்வம். மாத்தளை மாவட்டத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவருமே வெவ்வேறு ஆண்டுகளில் அதை உடம்பில் உணர்ந்தவர்கள். ஒருவருடைய காயத்தை மற்றவர் தன் வாக்கில் கணக்கெடுப்பதில்லை, அதுதான் குறை.

இரண்டாவது வாதம் மலையகத்து நம்மவர்களிடமிருந்து வருவது. எங்களை ஒடுக்கியது தனித்தனி ஆட்களாக அல்ல, சமூகமாகத்தான். ஆகவே சமூக உரிமைதான் முதலில், தனிமனித உரிமை கொழும்பு வழக்கறிஞர்களின் பேச்சு என்பார்கள். 1948, 1949 சட்டங்களை நன்றாகப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு சமூகம் முழுவதன் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனது மெய். பறித்த முறையைப் பாருங்கள். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு இங்கே தொடர்ந்து வசித்ததை ஒவ்வொருவரும் தனித்தனியே ஆவணத்தோடு நிரூபிக்கவேண்டும் என்று சட்டம் கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. சமூகத்தை அழிக்க நினைத்தவர்கள் ஆளுக்கு ஆள், கடதாசிக்குக் கடதாசி கேட்டுத்தான் அழித்தார்கள். மிச்சப்பேரைப் பங்குபோட 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. யாரிடமும் தனியாக வந்து ‘உனக்கு எங்கே இருக்க விருப்பம்’ என்று கேட்கவில்லை. சமூகத்தைக் கூட்டல் கழித்தல் கணக்காகப் பார்த்ததன் விளைவு அது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை.

ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் நம் கட்சிகள் வேட்பாளர்களோடு உடன்படிக்கை செய்கின்றன. 2024இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலின் பக்கம் நின்றது, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவின் பக்கம் நின்றது. காணி, வீடு, பல்கலைக்கழகம் எல்லாம் பட்டியலில் இருக்கும், இருக்கவும் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை, கையெழுத்திடுமுன் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை, தடுப்புக்காவல் உத்தரவுக்கு உடனடி நீதிமன்ற மேற்பார்வை ஆகியவற்றை நிபந்தனையாக முன்வைத்து எந்தக் கட்சியாவது வாக்குப் பேரம் பேசியதா? ஆதரவுக்கு விலையாக அமைச்சுப் பதவி கிடைக்கும். 1978 முதல் நமக்கு அமைச்சரவையில் ஆள் இருந்தார். அப்படியிருந்தும் 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் எரிந்தன.

மூன்றாவது வாதம், நீதிமன்றம் இருக்கிறதே என்பது. இருக்கிறது, மேலே நான் காட்டிய சான்றுகளில் பாதி அதன் தீர்ப்புகள்தான். ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். 2021 ஜூனில், கொலை வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த பொதுமன்னிப்பு செல்லாது என்ற தீர்ப்பு 2024 ஜனவரியில் வந்தது. 2022 ஜூலையில் ரணில் பதில் ஜனாதிபதியாகப் பிரகடனப்படுத்திய அவசரகால நிலை அடிப்படை உரிமையை மீறியது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். ஜனாஸா மனுக்களை 2020 டிசெம்பரில் விசாரணைக்கே எடுக்கவில்லை. மனுப் போட ஒரு மாத அவகாசம்தான். நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். யட்டவத்தயிலிருந்து போய், வழக்கறிஞர் பிடித்து, காசு கட்டி ஒரு மாதத்துக்குள் மனுப் போடக்கூடிய தொழிலாளி எத்தனை பேர்? வென்றாலும் என்ன என்று கேட்க 1983இல் ஓர் உதாரணம் உண்டு. இடதுசாரித் தலைவர் விவியன் குணவர்தனவைச் சட்டவிரோதமாகக் கைதுசெய்தது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் கண்டது. சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது அரசு. தீர்ப்பு வழங்கிய நீதியரசர்களின் வீடுகளுக்குமுன் கும்பல் கூடிக் கூச்சலிட்டது. நாற்காலியில் இருப்பவருக்குத் தீர்ப்பின்மேல் மரியாதை இல்லையென்றால் தீர்ப்பு வெறும் கடதாசி.

பாதுகாப்பு முக்கியம் என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டம் முழு வடிவில் நடைமுறையில் இருந்தது. முன்னெச்சரிக்கைத் தகவலும் கையில் இருந்தது. ஆனாலும் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. கடமை தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பணித்தது. அதிகாரம் போதாமல் நடந்த அனர்த்தம் அல்ல அது.

எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், உரிமை பேசி வருபவரும் கதிரையில் ஏறியதும் மாறிவிடுவார் என்ற விரக்தி வாதம்தான் எல்லாவற்றிலும் பலமானது. அதற்கான சான்றுகளை நானே அடுக்குவேன். நெறிமுறையில் இணைந்த சந்திரிகாதான் 1998 ஓகஸ்டில் அவசரகாலப் பிரகடனத்தைப் பயன்படுத்தி, நமது மத்திய மாகாணம் உட்பட ஐந்து மாகாண சபைத் தேர்தல்களைத் தள்ளிப்போட்டார். அது தவறு என்று 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னபிறகே தேர்தல் நடந்தது. கால் நூற்றாண்டு கழித்து ரணில் செய்ததும் அதன் மறுபதிப்பே. நல்லாட்சி என்று வந்த மைத்திரிபால 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷவைத் திடீர்ப் பிரதமராக்கினார், இரண்டு வாரத்தில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு, 1976 முதல் யாரையும் தூக்கிலிடாத நாட்டில் நால்வரைத் தூக்கிலிடும் உத்தரவில் ஒப்பமிட்டார். ஆள் மாறினார்; மறுக்கவில்லை.

ஆனால் அந்த 2018 கதையை முடிவுவரை படிக்கவேண்டும். டிசெம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். எதைக் கொண்டு சொன்னார்கள்? நாலரை ஆண்டுக்குமுன் நாடாளுமன்றத்தைத் தன்னிச்சையாகக் கலைக்க முடியாது என்ற 19ஆவது திருத்தத்தைக் கொண்டு. ஜனாதிபதியின் செயலை அடிப்படை உரிமை மனுவில் கேள்விகேட்க வழிவிட்டதும் அதே திருத்தம். தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் ஏற்றியதும் அதுவே. அதைக் கொண்டுவந்தவர் 2015 ஜனவரியில் பதவியேற்ற மைத்திரிபால. நிறைவேறியது அந்த ஏப்ரலில். 2015இன் மைத்திரிபால போட்ட கட்டுத்தான் 2018இன் மைத்திரிபாலவைத் தடுத்தது. அந்த ஜனவரியில் உரிமையை நினைத்து வாக்களித்தவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்வது அரைக் கணக்கு. அவர்கள் நம்பிய மனிதர் கைவிட்டார். அவர்கள் வாக்கால் வந்த சட்டம் கைவிடவில்லை. 2024 டிசெம்பர் 3ஆம் திகதி இரவு தென்கொரிய ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோதும், விடிவதற்குள் நாடாளுமன்றம் கூடி அதை நீக்கும்படி வாக்களிக்க முடிந்தது. அரசியலமைப்பு அந்த உரிமையை அதற்கு வைத்திருந்ததால்தான். நல்லவரைத் தேடி அலைவதில் பயனில்லை. கெட்டுப்போகும் நாளில் தன்னையே தடுக்கக்கூடிய பூட்டை, பதவிக்கு வந்த முதல் சில மாதத்தில் போட்டுவிடுபவர் யார் என்று பார்த்து வாக்களிக்கவேண்டும். அந்த உற்சாகம் முதல் சில மாதத்துக்கு மேல் எந்த ஜனாதிபதியிடமும் நிலைத்ததில்லை.

இந்த அளவுகோலால் இன்றைய ஜனாதிபதியையும் அளப்போம். அநுரகுமார திசாநாயக்க இந்த மாவட்டத்தின் கலேவெலயில் பிறந்தவர். மாத்தளை 2024இல் அவரை முதலிடத்தில் வைத்தது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவேன் என்று எழுதிக்கொடுத்து வந்தவர். அவருடைய ஜே.வி.பி. கட்சிக்காரர்கள் அந்தச் சட்டத்தின் கொடுமையைத் தங்கள் உடம்பில் அறிந்தவர்கள். 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் 225இல் 159 ஆசனங்களும் கிடைத்தன. பெரும்பான்மை இல்லை என்ற சாட்டு இவருக்குக் கிடையாது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் விவகாரத்தில் 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவரைத் தடுத்துவைக்கும் உத்தரவு அதே சட்டத்தின் கீழ்தான் பிறந்தது. இரண்டு வாரத்தில் அவரை விட்டார்கள். 2025 டிசெம்பரில் பதில் சட்டத்தின் வரைவு வந்தது. தடுப்புக்காவல் வேறு உடையில் அதிலும் இருக்கிறது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 முடியும்வரை அதற்குத் தேர்தல் இல்லை. முன்னவர்களோடு ஒப்பிட்டால் இவர் காலத்தில் பயம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவருடைய சுபாவம் தந்த சலுகை. பூட்டு இன்னும் போடப்படவில்லை. முதல் சில மாதங்கள் கழிந்துவிட்டன. என் கணிப்பில், இந்த விடயத்தில் அவர் 2015இன் மைத்திரிபாலவைவிடப் பின்தங்கியே நிற்கிறார்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். அதற்குள் முறையே மாறினால் மகிழ்ச்சி. மாறாவிட்டால், யட்டவத்தயில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தடுப்புக்காவல் உத்தரவில் ஒப்பமிடும் அதிகாரத்தை நீதிபதியிடம் ஒப்படைப்பாரா, பொதுமன்னிப்புக்குக் காரணத்தைப் பகிரங்கமாக எழுதுவாரா, உள்ளூராட்சி, மாகாணத் தேர்தல் திகதிகளை அரசாங்கம் தொடமுடியாதபடி சட்டமாக்குவாரா. எந்த மாதத்துக்குள் என்பதையும் கேளுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்பவர் வெல்ல வாய்ப்பில்லாத வேட்பாளராக இருந்தால் அவருக்குப் போடும் வாக்கு வீணாகாது. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பம் எழுத நமக்கு உரிமை உண்டு. 2024இல் 38 பேர் போட்டியிட்டார்கள்; முதல் இருவருக்கு அல்லாமல் மற்றவர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்கும் சஜித்துக்கும் விருப்பு வாக்காகச் சேர்ந்தவை 273,131 மட்டுமே. மனதுக்குப் பிடித்தவருக்கு ஒன்று என்று எழுதுங்கள். வெல்லக்கூடியவர்களில் தன் அதிகாரத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டவருக்கு இரண்டு என்று எழுத மறக்காதீர்கள்.